கூலி வித்தியாசத்தை ஆராய விரும்பும் மகள்: திருப்பூர்த் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடிக்கப் போகும் தங்கள் மகள், பி.காம். வேண்டாம், பொருளியல் படித்து, பிழைக்க வருகிறவர்களுக்கு வேலைச் சந்தையில் ஏன் குறைந்த கூலியும் கீழ்நிலை வேலையும் கிடைக்கின்றன என்பதை ஆராயப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து தாங்கள் சரியாக உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது என்ன படிப்பு, இதற்கு யார் சம்பளம் தருவார்கள், சாதி மதம் என்று பேசி வம்பில் மாட்டிக்கொள்வாளோ என்ற மூன்று கேள்விகளில் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டுக்கான பதிலும் அதைத் தொடர்ந்து வரும்.

இந்தத் துறையின் வேலை அளப்பது. தாங்கள் பணிபுரியும் பனியன் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் உள்ளூர் டெய்லரைவிடக் குறைவாக வாங்குகிறார் என்பதை மட்டும் வைத்துப் பாகுபாடு என்று எழுதிவிட முடியாது. எத்தனை ஆண்டு அனுபவம், பீஸ் ரேட்டா ஷிப்ட் கூலியா, தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா, ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரா என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அதே நேரத்தில், தையல் தெரிந்த ஒரு பெண்ணைப் பவர் டேபிள் எனும் தையல் இயந்திரத்தில் உட்காரவிடாமல், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கிலேயே வைத்திருந்தால், வேலையின் பெயரைக் கழித்துக் கணக்குப் போடும்போது அவளுக்கு நேர்ந்த அநியாயமும் சேர்ந்தே கழிந்துவிடும். இந்த நுட்பம் புரிந்தவர்தான் இத்துறையில் நிற்க முடியும். ஆதாரத்தைத் தாண்டி ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்று பழக்கும் படிப்பைக் கண்டு தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

கணக்கைக் கொண்டு மட்டும் தீராத இடத்தில் ஆய்வாளர்கள் சோதனையில் இறங்கினார்கள். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் வெளியிட்ட ஆய்வைத் தங்கள் மகள் அவசியம் படிக்க வேண்டும். இந்தியாவில் தனியார் நிறுவனங்கள் செய்தித்தாள்களில் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரங்களில், 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒரே தகுதி கொண்ட, பெயர்கள் மட்டும் வேறான விண்ணப்பங்களை ஒப்பிட்டார்கள். நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதத்தை உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. எதிர்த்துப் பேசுகிறவரும் முதலில் அந்த எண்களுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும் என்பதுதான் இந்த முறையின் வலிமை.

புலம்பெயர்வு ஆய்வும் இப்படித்தான். 1980இல் ஏறத்தாழ 1,25,000 கியூபர்கள் மரியேல் துறைமுகத்திலிருந்து படகேறி அமெரிக்கா போனார்கள். மயாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை சுமார் 7 சதவீதம் கூடியது. அதனால் அங்கிருந்த எளிய தொழிலாளரின் கூலி குறைந்ததாகத் தெரியவில்லை என்று பொருளியலாளர் டேவிட் கார்டு 1990இல் எழுதினார். இன்னொரு பொருளியலாளரான ஜார்ஜ் போர்ஹாஸ் பல ஆண்டுகள் கழித்து அந்த நிகழ்வையே மீண்டும் ஆராய்ந்து, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி சரிந்தது என்றார். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை. முப்பது ஆண்டுகள் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டும் பொறுமை தங்கள் மகளுக்கு உண்டா என்பதை அவளிடமே கேளுங்கள்.

என் கவலை வேலையைப் பற்றியது அல்ல, கணிதத்தைப் பற்றியது. ஆர்வம் மிகுந்த எத்தனையோ மாணவர்கள் கணிதத்தைத் தவிர்த்துவிட்டு எம்.ஏ.வில், பொருளியல் தரவைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் எகனாமெட்ரிக்ஸ் தாளைப் பார்த்துத் திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன்; அப்போது திரும்பி வருவது மிகவும் கடினம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஹானர்ஸுக்கும், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் முதுகலைப் படிப்புக்கும் பிளஸ் டூவில் கணிதம் கேட்கிறார்கள். அவள் படித்திருப்பது வணிகக் கணிதம் என்பதால், அதை ஏற்பார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். இளங்கலை எந்தக் கல்லூரியில் என்பது அவ்வளவு முக்கியமல்ல. புள்ளியியலைத் துணைப்பாடமாக விடாமல் படிப்பதே முக்கியம். முதுகலைக்குச் சென்னைக் கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. புலம்பெயர்வுதான் என்று அவள் உறுதியாக இருந்தால் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தை மறக்க வேண்டாம். 1998 முதல் 2018 வரை கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பையும், 2015இல் தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பையும் நடத்தியவர்கள் அவர்கள்தாம்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சி.ஏ. முடித்தவரைப் போல இருபத்தைந்து வயதுக்குள் வீட்டுக்குப் பணம் அனுப்ப இவளால் முடியாமல் போகலாம். யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை பெற்றால் முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். முதுகலைக்குப் பின் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வையும் எழுதலாம், இடங்கள் சொற்பம். ஆய்வு பிடிக்காமல் போனாலும், தரவைக் கையாளக் கற்றவரை வங்கிகளும் ஆலோசனை நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன.

முடிவெடுக்கும் முன் இந்தக் கோடை விடுமுறையில் ஒரு சோதனை செய்யலாம். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். தரவு இணையத்தில் இலவசம். அதை ஆராய உதவும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். 2020–21 கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த பெண்களில் ஏறக்குறைய 87 சதவீதத்தினர் திருமணத்தையே காரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வந்த ஊரில் கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று அவளையே கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் சலிக்காமல் அதில் உட்கார்ந்திருந்தாள் என்றால், அந்த அட்டவணையோடு ஜூன் மாதத்தில் அவளை அழைத்து வாருங்கள். கல்லூரிப் பட்டியலை மூவருமாக உட்கார்ந்து முடிவு செய்வோம்.