பின்னேரமானால் வீங்கும் கால்

கேள்வி: இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து ஒரு மாதமாகிறது. காலையில் கால் சரியாக இருக்கிறது. பின்னேரமானால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்குகிறது. மகள் எண்ணெய் பூசி உருவிவிடவா என்கிறாள்.
- வாசகி, சுன்னாகம்

பதில்: எண்ணெய்ப் போத்தலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அம்மா. கெண்டைக்காலுக்குள் இரத்தக்கட்டி ஏதும் இருந்தால் உருவுவது ஆபத்து.

இந்த வீக்கம் பலருக்கும் வருவதுதான். சில மாதங்கள்கூட இழுக்கும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, முழுக் காலுக்கும் கீழே தலையணை அடுக்கி, பாதம் நெஞ்சுக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றைச் செருகினால் போதாது. அப்படியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். கெண்டைச் சதை இறுகும்போதெல்லாம் இரத்தத்தை மேலே தள்ளும்.

விறாந்தைச் சாய்மனைக் கதிரை இப்போது வேண்டாம் (எங்கள் ஆட்களுக்கு அதை விடுவதுதான் பெரிய பாடு!). அது உயரம் குறைவு, இடுப்பு அதிகம் மடியும், எழும்புவதும் கஷ்டம்.

இரத்தம் உறையாமலிருக்கத் தந்த குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வீக்கம் திடீரென்று கூடி, கெண்டைக்கால் நொந்து, சூடாகிச் சிவந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் உடனே 1990 அம்புலன்ஸ்.