வீட்டுப் பராமரிப்பும் மனநல உதவியும்: அவுஸ்திரேலியத் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அவுஸ்திரேலியாவின் புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் 2025 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய வீட்டுப் பராமரிப்புப் பொதிகளின் இடத்தில் இப்போது முதியோருக்கு வீட்டிலேயே உதவி தரும் ‘சப்போர்ட் அட் ஹோம்’ திட்டம் இருக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளோடு மனநலம் பற்றி வந்தவற்றையும் சேர்த்தே எடுத்திருக்கிறேன். குளிக்கப் பயப்படும் அப்பாவும் இரவில் தூங்காத அப்பாவும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பங்களிப்புப் பெற்றோர் விசாவில் வந்து நிரந்தர வதிவிடம் பெற்று நாலு வருடம். பத்து வருடம் முடியாமல் முதியோர் ஓய்வூதியம் கிடைக்காது என்கிறார்கள். வீட்டுப் பராமரிப்புக்கும் அதே கணக்கா? (வென்ட்வேர்த்வில், சிட்னி)

பதில்: இல்லை. இந்த எண்ணத்தாலேயே பல குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் வருடங்களைக் கடத்திவிடுகின்றன. பத்து வருட விதி, அரசின் கொடுப்பனவுகளைக் கையாளும் சென்டர்லிங்க் தரும் ஓய்வூதியத்துக்கு உரியது. வீட்டுப் பராமரிப்புக்கு வயதையும் தேவையையும்தான் பார்ப்பார்கள்: 65 வயது, பூர்வகுடி மக்களுக்கு 50. முதியோர் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கும் அரச சேவையான ‘மை ஏஜ்ட் கெயார்’ எண் 1800 200 422. இன்றே அழையுங்கள். விசாவுக்காக நீங்கள் கையெழுத்திட்ட நிதி உத்தரவாதம் சில சென்டர்லிங்க் கொடுப்பனவுகளைப் பற்றியது. அதை நினைத்து இதற்குப் பின்வாங்க வேண்டாம்.

ஓய்வூதியம் இல்லாதவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. வருமானம், சொத்து விவரங்களை ‘சேர்விசஸ் அவுஸ்திரேலியா’வுக்குக் கொடுக்காவிட்டால் ஆகக்கூடிய பங்களிப்பு வீதத்தையே உங்களிடம் அறவிடுவார்கள். சேவை தொடங்கும் முன்பே அதற்கான படிவத்தை நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: மதிப்பீட்டுக்கு வந்த பெண்ணுக்கு அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, “எல்லாம் நானே செய்வேன், பிள்ளைகளும் நல்லாப் பார்க்கினம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். போன மாதம்தான் குளியலறையில் இரண்டு தரம் விழுந்தவர். இப்போது ஆகக் குறைந்த நிலைதான் கிடைத்திருக்கிறது. (டண்டனொங், மெல்பேர்ன்)

பதில்: வந்த கடிதங்களில் பாதியில் இந்தக் கதைதான் இருக்கிறது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திட்டத்தில் எட்டு நிலைகள் உண்டு. அரசு ஒதுக்கும் தொகை முதல் நிலைக்கு வருடம் ஏறத்தாழ 10,700 டொலர், எட்டாம் நிலைக்கு ஏறத்தாழ 78,000 டொலர். உங்கள் அம்மா எந்த நிலையில் வருவார் என்பதை அந்த ஒரு சந்திப்பில் பதிவாகும் பதில்கள் தீர்மானிக்கின்றன. மதிப்பீட்டாளர் கண்டதையும் கேட்டதையும்தான் எழுதுவார். வீடு தேடி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது நமக்கு மரியாதை. படிவத்தில் அது சமையலறையில் உதவியின்றி இயங்குகிறார் என்று ஆகிவிடும். விழுந்ததைச் சொன்னால் பிள்ளைகள் சரியாகப் பார்க்கவில்லை என்று வெள்ளைக்காரர் நினைப்பாரோ என்ற கவலை அம்மாவுக்கு. அவர் பொய் சொல்லவில்லை, உங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

தேவை மாறியிருந்தால் மை ஏஜ்ட் கெயாரை அழைத்து ஆதரவுத் திட்ட மீளாய்வு கேளுங்கள். முடிவே பிழை என்று நினைத்தால் அதை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் முறையும் காலக்கெடுவும் முடிவுக் கடிதத்திலேயே இருக்கும். இரண்டில் எதுவானாலும் அதற்குமுன் ஒரு வாரம் குறிப்பெழுதுங்கள். எத்தனை தரம் விழுந்தார், இரவில் எத்தனை முறை கழிவறைக்கு எழுந்தார், எந்த மாத்திரை தவறியது, எந்தச் சட்டி அடிப்பிடித்தது, குளிக்காமல் போன நாட்கள் எவை என்று திகதியோடு எழுதுங்கள். குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மதிப்பீட்டாளரோடு தனியே ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அம்மாவிடமும் முதல் நாளே பேசுங்கள்: “இது எங்களைப் பற்றின முறைப்பாடு இல்லை அம்மா. உங்கட மிக மோசமான நாளைப் பற்றித்தான் கேட்பினம், அதை மறைக்காமல் சொல்லுங்கோ.”

கேள்வி: நானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறேன். எனக்கு இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும். பிறகு ஏன் வெளியாள்?

பதில்: உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை. சிறுநீர் அடக்க முடியாததை மகனுக்கு முன்னால் எந்தத் தாய் சொல்வார்? மருமகளோடு உள்ள மனத்தாங்கலை, சாக வேண்டும் போலிருக்கிறது என்பதை உங்கள் வாய் வழியாகவே சொல்லுவாரா? நல்ல பிள்ளைகள் கேட்டதை மென்மையாக்கித்தான் சொல்வார்கள். அந்த மென்மையால் நிலை ஒன்று இரண்டு குறைந்துவிடும்.

மை ஏஜ்ட் கெயாரோடும் மதிப்பீட்டாளரோடும் பேச உரைபெயர்ப்பாளர் இலவசம். 131 450ஐ அழைத்துத் தமிழ் என்று சொன்னால் போதும். பெண் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். நம் ஊர் ஆட்கள் யாராவது வந்து கதை வெளியே போய்விடும் என்ற பயமிருந்தால், வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் பேசுபவரைக் கேளுங்கள். இரகசியம் காப்பது அவர்களது தொழில் விதி. குடும்ப வைத்தியரிடம் போகும்போதும் இதே சேவையைக் கேட்கலாம். நீங்கள் பக்கத்தில் மகனாக இருங்கள், அதுவே அம்மாவுக்கு வேண்டியது.

கேள்வி: முழு ஓய்வூதியம் பெறுபவர் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: சேவைகள் மூன்று வகை. தாதியர் பராமரிப்பு, பிசியோதெரப்பி போன்ற மருத்துவ வகைக்கு யாருமே எதுவும் கட்டுவதில்லை. போக்குவரத்து, பராமரிப்பவருக்கு ஓய்வு தரும் சேவை போன்றவை தற்சார்பு வகை; முழு ஓய்வூதியருக்கு 5 சதவீதம். வீட்டைத் துப்புரவாக்குதல், தோட்டவேலை, உணவு ஆகியவை அன்றாட வாழ்க்கை வகை, அதற்கு 17.5 சதவீதம். துப்புரவுக்கு 100 டொலர் என்றால் 17 டொலர் 50 சதம் உங்களுடையது. ஓய்வூதியமும் முதியோர் சுகாதார அட்டையும் இல்லாதவருக்கு இந்த இரண்டும் 50, 80 சதவீதம் என்று உயர்கின்றன. தோட்டத்துக்குச் செலவழிப்பதைக் குறைத்துத் தாதியரையும் பிசியோதெரப்பியையும் கூட்டிக் கேளுங்கள் என்றே நான் எல்லோருக்கும் சொல்வேன்.

சேவைகளைத் திட்டமிட்டு ஒழுங்குசெய்யும் பராமரிப்பு முகாமைக்கு உங்கள் ஒதுக்கீட்டில் 10 சதவீதம் முதலிலேயே கழியும். பணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒதுக்கப்படுகிறது. மிஞ்சியதில் 1,000 டொலர் அல்லது பத்திலொரு பங்கு, இதில் எது கூடவோ அது மட்டுமே அடுத்த காலாண்டுக்குப் போகும். பழைய திட்டத்தில் போல ஆயிரக்கணக்கில் சேர்த்துவைக்க முடியாது. சாப்பாடு சமைத்துத் தரும், கொண்டுவந்து தரும் செலவு இதில் அடங்கும். அரிசி, மரக்கறியின் விலை அடங்காது.

2024 செப்டெம்பர் 12 அன்றே பொதி பெற்றிருந்தவர்களும் அதற்கு அனுமதி பெற்றுக் காத்திருந்தவர்களும் பழைய முறையைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. அந்த அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேள்வி: குளியலறையில் கைப்பிடி போட, நடைவண்டி வாங்க இதே பணமா?

பதில்: அதற்குத் தனி ஒதுக்கீடு. உபகரணங்களுக்கும் வீட்டு மாற்றங்களுக்கும் தேவையைப் பொறுத்து 500, 2,000, 15,000 டொலர் என்று மூன்று படிகள். மதிப்பீட்டின்போதே கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு அம்மாவை நானே பார்க்கிறேன். அந்தப் பணத்தை எனக்குத் தருவார்களா?

பதில்: பொதுவாக இல்லை. உங்களுக்கானது சென்டர்லிங்கின் பராமரிப்பாளர் கொடுப்பனவும் பராமரிப்பாளர் படியும். இரண்டுக்கும் தகுதி பாருங்கள். ‘கெயரர் கேட்வே’ 1800 422 737இல் உங்களுக்கான உளவளத்துணையும் உண்டு. அம்மாவுக்காக அழைப்பவர்கள் தங்களுக்காக அழைப்பதில்லை. நீங்கள் அழையுங்கள்.

கேள்வி: அனுமதி வந்து மாதங்களாகியும் பணம் வரவில்லை.

பதில்: வரிசை நீளமானதுதான். 2025 செப்டெம்பரில் பாராளுமன்ற அழுத்தத்துக்குப் பிறகுதான் 20,000 இடங்களை முன்கூட்டியே திறந்தார்கள். முன்னுரிமை நான்கு படிகளாகப் பிரிக்கப்படுகிறது, ஆகவே நிலைமை மோசமானால் உடனே தெரிவியுங்கள். முழுத் தொகைக்கு முன் 60 சதவீத இடைக்கால நிதி தரப்படலாம், வேண்டாமென்று விடாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் ‘கொமன்வெல்த் ஹோம் சப்போர்ட்’ திட்டத்தின் சிறு உதவிகளையும் கேளுங்கள்.

கேள்வி: அப்பா 2009இல் வன்னியிலிருந்து தப்பி வந்தவர். அம்மா போன பிறகு இரவில் கத்தி எழும்புகிறார். மனநல வைத்தியர் என்றால் “எனக்கென்ன விசரா?” என்று கோபிக்கிறார். இப்போது குளிக்க வார்க்க ஒரு பணியாளர் வருகிறார், அவரையும் உள்ளே விடுவதில்லை.

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு பிரச்சினைகள் இருப்பதுபோலத் தோன்றும். எனக்கு ஒன்றாகவே தெரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் சீருடையோடு வந்து, கதவைச் சாத்தி, உடையைக் கழற்றச் சொல்கிறார். போரையும் தடுப்பு முகாமையும் கண்டவருக்கு இது வெறும் குளியல் அல்ல. வேலையும் துணையும் இருந்தவரை அடங்கிக் கிடந்த நினைவுகள் முதுமையில் மேலே வருவது மருத்துவர்கள் நன்கறிந்த விடயம்.

முதலில் சேவை நிறுவனத்தோடு பேசுங்கள். விவரம் முழுவதும் சொல்லத் தேவையில்லை, வேண்டியதைச் சொன்னால் போதும்: ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் வரட்டும், ஆண் பணியாளர், சாதாரண உடுப்பு, வருமுன் தொலைபேசி அழைப்பு, கதவு பூட்டாமல் இருக்கட்டும், தண்ணீரை அப்பாவே திறக்கட்டும். இவற்றைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சிகிச்சை. போராலும் சித்திரவதையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே மத்திய அரசின் நிதியில் ஒவ்வொரு மாநிலத்திலும் பிரதேசத்திலும் ஒரு நிலையம் இயங்குகிறது. நியூ சவுத் வேல்ஸில் 1988இல் தொடங்கிய ஸ்டார்ட்ஸ், விக்டோரியாவில் 1987இல் தொடங்கிய பவுண்டேஷன் ஹவுஸ், குயின்ஸ்லாந்தில் கியூபாஸ்ட். கட்டணமில்லை, உரைபெயர்ப்பாளர் உண்டு, தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் உதவுவார்கள். அங்கே அப்பாவை ‘மனநலம்’ என்று கூட்டிப்போகாதீர்கள். நித்திரை வருவதில்லை, உடம்பு நோகிறது என்றே தொடங்குங்கள். அதுவும் உண்மைதான், அங்குள்ளவர்களும் அங்கிருந்தே தொடங்குவார்கள்.

குடும்ப வைத்தியர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதினால், உளவியலாளரோடு வருடத்துக்கு 10 தனி அமர்வுகள் வரை, அரசின் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். மிச்சம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். உயிரை மாய்ப்பது பற்றி ஒரு சொல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்: லைஃப்லைன் 13 11 14, அவசரமென்றால் 000.

கேள்வி: அம்மாவுக்கு ஞாபகப் பரிசோதனை ஆங்கிலத்தில் செய்து, மறதி நோய் என்று சொல்லிவிட்டார்கள்.

பதில்: ரூடாஸ் என்ற பரிசோதனையைக் கேளுங்கள். பல மொழி பேசுவோர் நிறைந்த தென்மேற்கு சிட்னியில், மொழியும் படிப்பும் முடிவைத் திரிக்காதபடி உருவாக்கப்பட்டது, உரைபெயர்ப்பாளரோடு செய்யலாம். மனச்சோர்வு, தைரொயிட் குறைபாடு, பி12 குறைபாடு, சில மாத்திரைகள் எல்லாமே மறதியைப் போலக் காட்டும். அவற்றைப் பார்த்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். மறதி நோய் உறுதியானால் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவக்கூடும். தமிழ் பேசும் பணியாளரை இப்போதே கேட்டு வையுங்கள். மறதி நோய்க்கான உதவி எண் 1800 100 500.

கேள்வி: அண்ணன் அப்பாவின் வங்கி அட்டையை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்கிறார்.

பதில்: புதிய சட்டத்தில் ‘பதிவுசெய்த ஆதரவாளர்’ என்பவர் முடிவெடுக்க உதவுபவர் மட்டுமே. அப்பாவின் இடத்தில் நின்று முடிவெடுக்கும் அதிகாரம் அதனால் வராது. முதியோர் துன்புறுத்தல் பற்றிப் பேச 1800 353 374. பராமரிப்பு தொடர்பான உரிமைகளுக்கு இலவசமாக வாதாடுவோர் 1800 700 600. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

கேள்வி: எங்கள் மூத்தோர் சங்கம் செவ்வாய்தோறும் கூடுகிறது. மனநலப் பணிக்கு அரச நிதி கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நீங்கள் செய்வது ஏற்கெனவே மனநலப் பணிதான், ஆனால் விண்ணப்பங்களில் அதைக் ‘கலாசார நிகழ்ச்சி’ என்று எழுதுவதால் சிறு தொகையோடு நின்றுவிடுகிறது. தனிமையைக் குறைக்கும் சமூக ஆதரவுக் குழு என்று எழுதுங்கள். நாட்டில் 31 ஆரம்ப சுகாதார வலையமைப்புகள் இருக்கின்றன. அந்தந்தப் பகுதியின் மனநலச் சேவைகளுக்கு அவைதான் நிதி பிரித்துக் கொடுக்கின்றன. உங்கள் பகுதியின் வலையமைப்போடு சந்திப்புக் கேளுங்கள். மத்திய அரசின் மானியங்கள் ‘கிரான்ட் கனெக்ட்’ தளத்தில் வரும். பதிவுசெய்யாத சங்கமானால் பதிவுள்ள ஓர் அமைப்பின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி நாடு முழுவதும் வீட்டில் தமிழ் பேசுவோர் 95,000க்கும் மேல். உங்கள் நகரசபைப் பகுதியின் எண்ணிக்கையும் வயதுப் பிரிவும் அதே மதிப்பீட்டுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். வருகைப் பதிவேட்டை இந்தச் செவ்வாயிலிருந்தே எழுதத் தொடங்குங்கள். எத்தனை பேர் தனியாக வசிப்பவர்கள், எத்தனை பேருக்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்ற இரண்டு பத்தியும் அதில் இருக்கட்டும்.