கோணம் ஒன்று, மினுக்கல் வேறு

கேள்வி: ஒரே எடையில் இரண்டு வட்ட வைரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஜிஐஏ (வைரத்துக்குத் தரச்சான்று தரும் ஆய்வகம்) அறிக்கையில் கட், அதாவது பட்டை தீட்டிய தரம், 'எக்ஸலண்ட்', கிரவுன் (கல்லின் மேல்பகுதி) கோணம் 34.5, பெவிலியன் (அடிப்பகுதி) கோணம் 40.8. ஆனால் ஒன்று பளீர் பளீரென்று பெரிதாக மின்னுகிறது, இன்னொன்று பொடிப்பொடியாக மினுக்குகிறது. ஏன்? எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டு அறிக்கையிலும் 'லோயர் ஹாஃப்' என்று ஒரு சதவீதம் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஒன்றில் 75, மற்றதில் 85 என்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கல்லின் அடிப்பக்கம் கூர்முனை வரை இறங்கும் பெரிய பட்டைகள் 8, அவற்றின் இடுக்கில் விளிம்பிலிருந்து இறங்கும் ஒல்லிப் பட்டைகள் 16. இந்த ஒல்லிப் பட்டைகள்தான் லோயர் ஹாஃப், அவை கூர்முனையை நோக்கி எவ்வளவு தூரம் இறங்குகின்றன என்பதுதான் அந்தச் சதவீதம். இவற்றைக் கீழே இழுத்துத் தீட்டத் தீட்டப் பெரிய பட்டைகள் குறுகிக்கொண்டே போகும். லென்ஸ் வைத்து நேர் மேலிருந்து பாருங்கள், எட்டு கரிய அம்புகள் தெரியும். உங்கள் தலை வெளிச்சத்தை மறைக்கிற இருட்டைத்தான் பெரிய பட்டைகள் அப்படித் திருப்பிக் காட்டுகின்றன. 75 கல்லில் அம்பின் தண்டு தடியாக இருக்கும், 85-இல் ஈர்க்குச்சி மாதிரி.

அகலமான பட்டை ஒளியைப் பெரிய துண்டாக அனுப்புவதால் அதில் சிவப்பும் நீலமும் பிரிவது கண்ணுக்குப் பிடிபடும். குறுகினால் துண்டுகள் கூடும், ஆனால் ஒவ்வொன்றும் பொடி, கை நீட்டும் தூரத்திலேயே நிறம் கரைந்து வெறும் வெள்ளை மினுக்கலாகிவிடும். இரண்டுமே குறை இல்லை, ரசனைதான். என்னைக் கேட்டால் பெரிய பளீர், அதிலும் சின்னக் கல் என்றால் 85 வேண்டாம்.

அப்புறம், கோணம் ஒன்றுதானே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். அறிக்கையில் வரும் 40.8 என்பது எட்டுப் பெரிய பட்டைகளின் சராசரி, அதையும் ரவுண்டு செய்துதான் போடுகிறார்கள். ஒரு பட்டை 40.4, இன்னொன்று 41.2 என்று இருந்தாலும் அதே எண்தான் வரும், ஆனால் அம்புகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கோணலாக நிற்கும், அதை லென்ஸில் கண்டுபிடித்துவிடலாம். வட்ட வைரத்துக்கு ஏற்ற கோணங்கள் என்று 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி போட்ட 34.5, 40.75 என்ற கணக்கும் பெரிய பட்டைகளை வைத்துத்தான்.

கடையின் ஸ்பாட்லைட்டில் எல்லாக் கல்லும் மின்னும், ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள், விரல் எண்ணெய் படிந்திருந்தால் உள்ளே திரும்ப வேண்டிய ஒளி அந்தப் பக்கமாகவே வெளியேறிவிடும்.