வலி மாத்திரையை நிறுத்த முடியவில்லை, நான் அடிமையாகிவிட்டேனா?

கேள்வி: முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது டிரமடால் கொடுத்தார்கள். 50 மில்லிகிராம் மாத்திரை, தினம் நான்கு வேளை. ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறேன். இப்போது வலி குறைந்துவிட்டதே என்று போன மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்க கால் குடைச்சல். தாங்க முடியாமல் பழையபடி ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் 'அடிமை' என்கிறார்கள். விடவே முடியாதா?

பதில்: முடியும். வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும்: டாக்டர் சொன்ன அளவிலேயே சாப்பிட்டாலும், இவ்வளவு நாள் எடுத்தால் உடம்பு டிரமடால் போன்ற ஓபியாய்டுக்கு, அதாவது அபின் வகை வலி மருந்துக்கு, பழகத்தான் செய்யும். கெடுதல் என்று தெரிந்தும் அளவு மீறி அதைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம், நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதனால் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரியாதீர்கள்.

ஓபியாய்டு மருந்து, உடம்பைப் படபடப்பாக வைக்கும் நோரட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் வெளிப்படுவதை அடக்கி வைக்கிறது, மூளையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று மருந்தை எடுத்துவிட்டால் அடங்கியிருந்தது மொத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பும், அதைத்தான் நீங்கள் அனுபவித்தீர்கள். பொதுவாக இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் தணியும், தூக்கம் மட்டும் சரியாக இன்னும் நாளாகலாம். டிரமடால் செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தையும் தொடுவதால் சிலருக்குக் கடும் பதற்றமும் உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். பழைய வலிகூட சில நாள் எட்டிப்பார்க்கும், அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதாக உடனே முடிவு கட்ட வேண்டாம்.

சரி, எப்படிக் குறைப்பது? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது தாங்கக்கூடியதாக இருக்கும் என்கிறது. உங்கள் 200 மில்லிகிராமில் அது வெறும் 20, கையில் இருப்பதோ 50 மில்லிகிராம் மாத்திரை. அதனால்தான் இதை நீங்களாகச் செய்யாமல் மருந்து எழுதிய டாக்டரிடமே போங்கள், சின்ன அளவுக்குச் சொட்டு மருந்து போன்ற வேறு வடிவங்கள் உண்டு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு படியில் சிரமமாக இருந்தால் அதே அளவில் சில வாரம் நில்லுங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. கடைசிப் படிகள்தான் பலருக்கும் கஷ்டம், அங்கே அவசரமே படாதீர்கள்.

சிரமமான நாட்களில் தண்ணீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் நிறையக் குடியுங்கள், கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியலும் கொஞ்ச நடையும் உதவும். வியர்வை, படபடப்பு அதிகமானால் டாக்டர் குளோனிடின் தரலாம், அது ரத்த அழுத்தத்தை இறக்கும் மருந்து என்பதால் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடையும் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது, இதயத்துடிப்பைக் கெடுக்கும். தூக்கம் வரவில்லை என்று மதுவையோ தூக்க மாத்திரையையோ மட்டும் தொடவே தொடாதீர்கள், ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.

எனக்கு மிகவும் பயமான விஷயம் ஒன்று உண்டு. குறைத்த பிறகு ஒரு மோசமான ராத்திரியில், 'பழைய அளவுதானே' என்று மொத்தமாகப் போட்டுக்கொள்வது. உடம்பு அதற்குள் பழக்கம் விட்டிருக்கும், அன்று தாங்கிய அளவே இன்று உயிரைப் பறிக்கலாம். மீந்த மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள். ஆளை எழுப்ப முடியவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு நீலமாகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும், ஓபியாய்டு அளவு மீறும்போது அதை முறியடிக்கும் மருந்தான நலோக்சோன் கிடைக்குமானால் வீட்டில் ஒன்று வைத்திருக்கலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.