மறு: "நமக்கே பத்தல"ன்னு மடக்கினா என்ன சொல்றது?

தம்பி, இந்தியாவுல இருந்து இலங்கைக்கு மின்கேபிள் வேணும்னு பட்டிமன்றத்துல பேசணும், எதிரணி "நெய்வேலி கரண்ட் நமக்கே பத்தல"ன்னு மடக்கும்னு கேட்டிருந்தீங்க. முதல்ல, நெய்வேலி கரண்ட் இப்பவே கேரளா, கர்நாடகா, புதுச்சேரிக்கும் போகுது.

அடுத்து, கம்பி இருந்தா கொடுக்கவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம்னு சொல்ல நேபாளத்தைக் காட்டுங்க. மழைக்காலத்துல ஆறு நிறைஞ்சு ஓடும், மிச்ச மின்சாரத்தை நமக்கு விக்கிறாங்க. குளிர்காலத்துல தண்ணி வத்தினதும் நம்மகிட்டயே வாங்குறாங்க. 2024 நவம்பர்ல நம்ம கம்பி வழியாவே வங்கதேசத்துக்கு 40 மெகாவாட் அனுப்பினாங்க.

இலங்கைக்கு அப்படிக் கைகொடுக்கப் பக்கத்து நாட்டு கிரிட் (மின்கம்பி வலையமைப்பு) இணைப்பே கிடையாது. 2025 பிப்ரவரி 9 அன்னிக்கு பாணந்துறை துணைமின் நிலையத்துல ஒரு குரங்கு புகுந்து (சிரிக்காதீங்க, அமைச்சரே சொன்னது) நாடே இருண்டுபோச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல இந்தியாவும் இலங்கையும் மின் இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க.

கடலடி கேபிள் செலவைக் கேட்டா மழுப்பாதீங்க. உங்க வாதத்துல அதுதான் ஓட்டை.

தொடக்கத்துக்கு 2011 'தானே' புயலை வெச்சுக்கோங்க. எங்க மஞ்சக்குப்பம் தெருவுல கம்பம் நட்டதெல்லாம் வெளிமாவட்ட லைன்மேன்கள். அம்மா போட்ட டீயை ஒருத்தர் தூக்குவாளியோட கயித்துல கட்டி மேல இழுத்து, கம்பத்துலயே உட்கார்ந்து குடிச்சார். கடலூர்க்காரங்க கைதட்டுவாங்க.