இரண்டு படிவத்திலும் பூஜ்யம், ஆனால் வரி 85,800 ரூபாய்

கேள்வி: வணக்கம் சார். 2025 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு கம்பெனியில் மாதம் 1,00,000 ரூபாய் சம்பளம் வாங்கினேன். நவம்பரில் வேறு கம்பெனிக்கு மாறினேன், இங்கே 1,40,000. இரண்டு இடத்திலிருந்தும் படிவம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ்) வந்துவிட்டது. இரண்டிலும் பிடித்த வரி பூஜ்யம். ஃபிக்ஸட் டெபாசிட், சேமிப்புக் கணக்கு வட்டி சேர்த்து 25,000 வந்திருக்கிறது. வரியே இல்லாத எனக்குக் கணக்குத் தாக்கல் அவசியமா? பழைய முறையில் போட்டு பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் கழித்தால் ஏதாவது திரும்பக் கிடைக்குமா? இந்த ஏப்ரலிலிருந்து மாதம் 10,000க்கு மேல் வரி பிடிக்கிறார்கள், அது ஏன் என்றும் புரியவில்லை. "தேதியை எப்படியும் தள்ளிவைப்பார்கள், அவசரப்படாதே" என்கிறார் என் மைத்துனர்.

பதில்: கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வரி இருக்கிறது. தாமத வட்டியோடு சேர்த்து 93,000 ரூபாயைத் தாண்டும். கணக்கும் தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

இரண்டு கம்பெனியும் தப்பு செய்யவில்லை. முதல் கம்பெனி உங்கள் முழு வருடச் சம்பளம் 12 லட்சம் என்று கணித்தது. அதில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லோருக்கும் ரசீது இல்லாமலே கிடைக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போக 11,25,000. புதிய வரி முறையில் (விகிதம் குறைவு, ஆனால் பெரும்பாலான கழிவுகள் கிடையாது) 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி உண்டு என்பதால் பூஜ்யம் என்று போட்டுவிட்டது. இரண்டாவது கம்பெனி நவம்பர் முதல் மார்ச் வரை தான் தரப்போகும் ஐந்து மாதச் சம்பளத்தை, அதாவது 7 லட்சத்தை மட்டும் பார்த்தது. அதுவும் 75,000 கழித்து பூஜ்யம் என்றது. நீங்கள் சேரும்போது பழைய சம்பளத்தைப் படிவம் 12பி-யில் எழுதிக் கொடுத்திருந்தால், ஐந்து மாதத்தில் வரியைப் பிரித்துப் பிடித்திருப்பார்கள். சேரும் நாளில் நீட்டுகிற இருபது காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும், யார் கவனிக்கிறார்கள்!

சரி, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். சம்பளம் 7 லட்சமும் 7 லட்சமும் 14 லட்சம். நிலைக்கழிவு ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். இரண்டு முதலாளி என்பதற்காக இரண்டு தடவை கிடையாது. ஆக 13,25,000. வட்டி 25,000 சேர்த்தால் 13,50,000. சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 வரை இருக்கும் கழிவு பழைய முறைக்கு மட்டும்தான், இங்கே வராது. டெபாசிட் வட்டிக்கு வங்கி டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை என்பதால் அது வரியில்லா வருமானம் ஆகிவிடாது. வருடத்துக்கு 50,000 தாண்டினால்தான் வங்கி பிடிக்கும், அவ்வளவுதான்.

"12 லட்சம் வரை வரி இல்லை" என்ற வாக்கியம் பலரை ஏமாற்றுகிறது. அது தள்ளுபடி, விலக்கு அல்ல. 12 லட்சத்துக்கு ஒட்டினாற்போல் மேலே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் நிவாரணம் உண்டு. உங்களைப் போல் ஒன்றரை லட்சம் தாண்டிவிட்டால் தள்ளுபடி மொத்தமாகப் போய், வரி 4 லட்சத்திலிருந்தே ஓட ஆரம்பிக்கும். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், அது 40,000. மீதி ஒன்றரை லட்சத்துக்கு 15 சதவீதம், 22,500. மொத்தம் 82,500. அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி 3,300. ஆக 85,800 ரூபாய்.

இந்தப் பணத்தை வருடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிய வரியாகக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கட்டாததற்கு வருமான வரிச் சட்டம் 234பி பிரிவில் ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம் வட்டி. ஜூலையில் கட்டினால் நான்கு மாதம், 3,432 ரூபாய். தவணைகளைத் தவறவிட்டதற்கு 234சி-யில் இன்னொரு 4,329. இந்த இரண்டாவது வட்டி ஏற்கெனவே முடிந்த கதை, இனி கூடாது. முதலாவது மட்டும் வளர்ந்துகொண்டே போகும். மாதத்தில் ஒரு நாள் என்றாலும் முழு மாதமாகத்தான் எண்ணுவார்கள். ஜூலை 1 அன்று கட்டினாலும் 31 அன்று கட்டினாலும் ஒன்றுதான். ஆகஸ்ட் 1 ஆகிவிட்டால் இன்னும் 858 ரூபாய்.

மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. சென்ற ஆண்டு ஜூலை 31ஐ செப்டம்பர் 15 ஆக்கினார்கள், கடைசியில் இன்னும் ஒரு நாள் கூட்டி 16 என்றார்கள். ஆனால் தள்ளிப்போனது தாக்கல் செய்யும் தேதி. நான் மேலே சொன்ன மாதம் 1 சதவீதம் அதற்காக நிற்கவில்லை. திரும்பப் பெற வேண்டிய பணம் இருப்பவர் காத்திருந்தால் நஷ்டம் பெரிதாக இல்லை. கட்ட வேண்டிய நிலையில் இருக்கும் நீங்கள் காத்திருந்தால் காசுதான் போகும். இந்த வருடத் தேதி 2026 ஜூலை 31 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், கட்டாமல் நிற்கும் வரிக்கு 234ஏ-யில் இன்னொரு 1 சதவீதம் மாதாமாதம்.

பழைய முறை உங்களுக்கு வேண்டாம். பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து 80சி-யில், அதாவது சேமிப்புகளுக்கான கழிவுப் பிரிவில், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். பழைய முறையின் நிலைக்கழிவு 50,000. இரண்டும் போக 12,25,000 நிற்கும். செஸ்ஸோடு வரி 1,87,200. புதிய முறையைவிட ஒரு லட்சம் கூடுதல்! நிலைக்கழிவு தவிர இன்னும் 5,25,000 ரூபாய்க்குக் கழிவு காட்ட முடிந்தால்தான் இரண்டும் சமமாகும். வீட்டுக்கடன் வட்டியும் கணிசமான வீட்டு வாடகைப்படியும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் அது எட்டும். இரண்டும் இருந்தால் திரும்ப எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஜூலை 31க்குள் எழுதுங்கள்; அதற்குப் பிறகு சம்பளக்காரர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஏப்ரலிலிருந்து பிடிக்கிறார்களே, அது இந்தப் பாக்கிக்கு அல்ல. புதிய நிதியாண்டில் பன்னிரண்டு மாதமும் 1,40,000 என்பதால் 16,80,000 என்று கணித்து, மாதம் சுமார் 10,500 பிடிக்கிறார்கள். அது சரியான தொகைதான்.

இப்போது செய்ய வேண்டியது. வருமான வரித் தளத்தில் உள்ளே போய் 26ஏஎஸ் (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (துறைக்கு வந்த உங்கள் வருமானத் தகவல்களின் பட்டியல்) இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏஐஎஸ்-இல் வங்கிகள் சொன்ன வட்டி வரிசையாக இருக்கும். நீங்கள் மறந்துபோன ஏதோ ஒரு பழைய கணக்கின் 640 ரூபாய் வட்டியும் அங்கே உட்கார்ந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு தாக்கல் படிவங்களில் எளிமையான ஐடிஆர்-1 போதும். பங்கோ மியூச்சுவல் ஃபண்டோ விற்று குறுகிய கால லாபம் வந்திருந்தாலோ, நீண்ட கால லாபம் 1,25,000ஐத் தாண்டியிருந்தாலோ ஐடிஆர்-2. பழைய கம்பெனி பி.எஃப். பணத்தை ஐந்து வருடம் முடியும் முன் எடுத்திருந்தால் அதுவும் பொதுவாக வரிக்கு உட்பட்டது. எடுக்காமல் புதிய கம்பெனியின் பி.எஃப். கணக்குக்கு மாற்றியிருந்தால் கவலை இல்லை.

படிவத்தில் தானாக நிரம்பி வரும் சம்பளத்தை அப்படியே நம்ப வேண்டாம். சில சமயம் ஒரு கம்பெனி மட்டும்தான் இருக்கும். கையால் சேர்க்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: இரண்டு படிவம் 16-லும் கீழே இருக்கும் நிகரத் தொகையை எடுத்துக் கூட்டிவிடுவார்கள். உங்கள் விஷயத்தில் ஒவ்வொன்றிலும் 6,25,000 இருக்கும். கூட்டினால் 12,50,000. சரியான தொகை 13,25,000. ஏனென்றால் 75,000 இரண்டு தடவை கழிந்துவிட்டது. மேலே இருக்கும் மொத்தச் சம்பளத்தை எடுங்கள், கழிவை ஒரு தடவை படிவமே போடட்டும்.

தாக்கல் செய்யும் முன் பணத்தைக் கட்டுங்கள். 'இ-பே டாக்ஸ்' பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2026-27, வகை சுயமதிப்பீட்டு வரி, குறியீடு 300. ஆண்டை 2025-26 என்று அழுத்திவிட்டு அப்புறம் அலைகிறவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன். ரசீதில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடும் (வங்கிக் கிளையின் எண்) செலான் எண்ணும் இருக்கும், அவை ஐடிஆரில் ஏறியிருக்கின்றனவா என்று ஒரு தடவை பாருங்கள்.

ஒரே மூச்சில் 93,000 புரட்டுவது கஷ்டம் என்று தெரியும். டெபாசிட் இருக்கிறது என்கிறீர்கள். அதை முறியுங்கள். மாதம் 1 சதவீதம் என்பது வருடத்துக்கு 12. எந்த வங்கி டெபாசிட் அவ்வளவு தருகிறது? கிரெடிட் கார்டில் மட்டும் தேய்க்காதீர்கள்.

கடைசியாக, சமர்ப்பித்ததும் வேலை முடிந்துவிடாது. 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஒரு வருடம் என் சொந்தக் கணக்கையே ஜூலை 30 இரவு சமர்ப்பித்துவிட்டு ஓடிபி-க்காக உட்கார்ந்திருந்தேன். அது போய்ச் சேர்ந்தது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய மொபைல் எண்ணுக்கு. ஆதாரில் அதுதான் இருந்தது. நெட் பேங்கிங் வழியாகச் செய்து தப்பித்தேன். 30 நாள் தாண்டிவிட்டால் சரிபார்த்த நாளையே தாக்கல் நாளாக எடுத்துக்கொள்வார்கள், அந்த 5,000 ரூபாய் கட்டணமும் வந்துவிடும். ஆதாரில் எந்த எண் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.