படுத்திருக்கும் பிறை

அன்புள்ள அக்கா,

என் மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். கதைப் புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கிறது, எங்கள் வீட்டு காரிடாரிலிருந்து பார்த்தால் படுத்திருக்கிறது, எது சரி என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று. 12 பேர் நடந்துவிட்டு வந்த இடத்தைக் காட்டி இன்னும் பிள்ளைக்குச் சோறு ஊட்டலாமா?

வாசகி, ஈசூன்

அன்புள்ள தங்கைக்கு,

மகன் பார்த்தது சரிதான். புத்தகமும் பொய் சொல்லவில்லை. அதை வரைந்தவர் வேறு ஊர்க்காரராக இருப்பார்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒரு பாகை சொச்சம்தான். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழே இறங்குகிறது. மூன்றாம் பிறையன்று நிலா அதற்கு மேலே நின்று, அதே வழியில் பின்னாலேயே இறங்கும். வெளிச்சம் கீழிருந்து படுவதால் அடிப்பக்கம் ஒளிர்கிறது. லண்டன் மாதிரி வடக்கே தள்ளிய ஊர்களில் சூரியன் சரிந்து இறங்கும், வெளிச்சம் பக்கவாட்டில் படும். அதனால் பிறை பெரும்பாலும் நிமிர்ந்து தெரியும். நம் கொடியிலும் பிறை நிற்கிறதே என்று அடுத்துக் கேட்பான். அது வளரும் இளம் நாட்டுக்கு அடையாளமாக வைத்தது, வானத்தைப் பார்த்து வரைந்ததல்ல.

போன மாதம் ஒருநாள் ஏழரை மணிக்கு, துணி காயும் மூங்கில் கழிகளுக்கு மேலே அதைப் பார்த்தேன். இரண்டு முனையும் தூக்கிய தோணி. அதற்குள் மீதி நிலாவும் மங்கலாக, சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சம் இங்கிருந்து போனது. நம் கடலும் மேகமும் திருப்பி அனுப்பிய வெயில் நிலாவில் பட்டு நமக்கே திரும்பி வருகிறது. எனக்கு அன்று வீட்டுக்குள் போக மனமே வரவில்லை.

சோறு தாராளமாக ஊட்டுங்கள். மாதத்துக்கே திங்கள் என்று பேர் வைத்தவர்கள் நாம். 1969 முதல் 1972 வரை போனவர்கள் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சந்திரயான்-2 ஊர்தியைப் பூமியிலேயே ஓட்டிப் பார்க்க நிலா மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் செய்தார்கள். நிலாவின் மேட்டுநிலப் பாறையும் அதே இனம். அந்த ஊரில் நிலாச்சோறு தின்ற பிள்ளைகளின் காலடியிலேயே அது கிடந்திருக்கிறது! இதையும் மகனிடம் சொல்லுங்கள்.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், மேகம் இல்லாவிட்டால், தட்டோடு காரிடாருக்கு வாருங்கள். அந்தச் சாம்பல் வட்டத்தை முதலில் காட்டுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா